தேயிலைப் பெட்டியில் முப்பத்தேழு டிகிரி

நீலமுகடு பொறியியல் கல்லூரியின் மரபணுப் பொறியியல் ஆய்வகத்தில் எப்போதும் பளபளப்பாக இருப்பவை இரண்டு. ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்த இன்குபேட்டர். மற்றது, அந்த இன்குபேட்டரை முதல்வர் முனைவர் ஜெர்சன் திறந்து வைத்தார் என்று சொல்லும் கருங்கல் பலகை. இன்குபேட்டர் என்பது பாக்டீரியாவை நம் உடம்புச் சூட்டில், அதாவது முப்பத்தேழு டிகிரியில், வைத்து வளர்க்கும் பெட்டி. திறந்து வைத்த பதினேழாம் நாள் அதன் சூடேற்றும் பாகம் செத்துப்போனது. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாகும்போது இன்குபேட்டர் ஓர் உபகாரம் செய்துவிட்டுத்தான் செத்தது. முகப்பில் சிவப்பாக எரியும் எண் 37.0 என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. கோத்தகிரியில் உறைபனி விழும் ஜனவரிக் காலையிலும் அது 37.0 தான். கதவைத் திறந்து உள்ளே கையை விட்டால் விரல் விறைக்கும். முதல்வருக்குக் கதவைத் திறக்கும் பழக்கம் இல்லை. பழுது பார்க்க ஆள் வேண்டும் என்று இரண்டு வருடத்தில் நான்கு கடிதம் எழுதிவிட்டாள் ஜோவிதா. நான்கின் ஓரத்திலும் அவர் பச்சை மையில் ஒரே குறிப்பை எழுதித் திருப்பியிருந்தார்: ‘எண் சரியாகத்தானே காட்டுகிறது?’

முதல்வரின் முனைவர் பட்டம் சிமென்ட் இறுகும் நேரத்தைப் பற்றியது. அவர் பேச ஆரம்பித்தால் கேட்பவர்கள் இறுகிப்போகவும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும்.

ஜோவிதா அங்கே ஆய்வக உதவியாளர். கீழ் கோத்தகிரியில் தேயிலை பறிக்கும் அம்மாவுக்கும் ஃபேக்டரியில் உலர்த்தும் வேலை பார்த்த அப்பாவுக்கும் பிறந்து, கோவையில் பி.எஸ்ஸி. முடித்து, பதினோரு வருடமாக ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து வருகிறாள். உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு, ஓர் உயிரின் மரபணுவை இன்னோர் உயிருக்குள் நுழைக்கும் வித்தையைக் கையால் செய்து காட்டுவது அவள் வேலை. பாடம் எடுப்பவர்கள் வருடத்துக்கு ஒருவர் என்று மலையிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் இருந்தாள்.

டிசம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு வரும். ஆய்வகத்தில் உயிருள்ள செய்முறை ஒன்றையாவது நேரில் பார்க்கும். பார்க்க முடியாவிட்டால் அந்தப் படிப்புக்கு அனுமதி நீட்டிக்கப்படாது. முதல்வர் இதற்கெல்லாம் கலங்குகிறவர் அல்ல. படிப்பு போனால் ஆய்வகத்தை ஓட்டல் மேனேஜ்மென்ட் பிரிவுக்குக் கொடுத்து, மாணவர்கள் பழகுவதற்கென்று ஒரு வரவேற்பு மேசை போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, தரையில் சாக்பீஸால் கோடும் கிழிக்கச் சொல்லிவிட்டார். மேசையில் வைத்து அடிக்கும் மணிகூட வாங்கியாகிவிட்டது. ஜோவிதாவுக்கு ஹாஸ்டல் மெஸ் ஸ்டோரில் வெங்காயம், உருளைக்கிழங்கு நிறுத்துக் கொடுக்கும் வேலை.

வெங்காயத்தின் மீது அவளுக்கு எந்தப் பகையும் இல்லை. ஆனால் அந்தச் சாக்பீஸ் கோடு அவள் நுண்ணோக்கி வைத்திருக்கும் மேசையின் கால்களுக்கு நடுவே போனது. கூட்டுகிற மூக்கம்மா தினமும் அதைத் துடைத்தாள். தினமும் யாரோ வந்து மறுபடி கிழித்தார்கள்.

காட்டுவதற்கென்று ஜோவிதா தேர்ந்தெடுத்தது எளிமையான ஒரு செய்முறை. கடலில் வாழும் ஜெல்லி மீனிடம் பச்சையாக ஒளிரும் ஒரு குணம் உண்டு. அந்தக் குணத்துக்குரிய மரபணுவைத் தீங்கில்லாத ஒரு பாக்டீரியாவுக்குள் செலுத்தினால் பாக்டீரியாவும் ஒளிரும். பனிக்கட்டியில் குளிர வைத்து, நாற்பத்திரண்டு டிகிரித் தண்ணீரில் ஐம்பது விநாடி முக்கி, மறுபடி பனிக்கட்டிக்குள் வைத்தால் அந்தத் திடுக்கிடலில் பாக்டீரியா மரபணுவை உள்ளே வாங்கிக்கொள்ளும். பிறகு அகர் என்ற ஊட்டக்கூழ் பூசிய தட்டில் பரப்பி முப்பத்தேழு டிகிரியில் ஒரு நாள் வைக்க வேண்டும். அவ்வளவுதான். பனிக்கட்டிக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. நாற்பத்திரண்டு டிகிரித் தண்ணீர் மூக்கம்மாவின் டீக் கெட்டிலிலிருந்து கிடைக்கும்.

ஆனால் அந்த மரபணுவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அரபினோஸ் என்கிற ஒரு தனிச் சர்க்கரை தட்டில் இருந்தால்தான் அது வேலை செய்யும். அது ஸ்விட்ச் மாதிரி. ஐந்து கிராம் வேண்டும் என்று ஜோவிதா எழுதிக் கொடுத்தாள். கொள்முதல் பிரிவு அந்த வரியில் ‘சர்க்கரை’ என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு, கேன்டீனிலிருந்து ஒரு கிலோ அஸ்கா சர்க்கரையைக் கட்டிக் கொடுத்தனுப்பியது. கேட்டதைவிட இருநூறு மடங்கு கொடுத்திருப்பதாக ஒரு குறிப்பும் கூடவே வந்தது. அந்தச் சர்க்கரை மூக்கம்மாவின் டீக்குப் போனது. ஐந்து கிராம் அரபினோஸ், கோவையில் வேலை பார்க்கும் பழைய மாணவி எல்சாவின் கைப்பையில் மலையேறி வந்தது.

மிச்சம் இருந்தது சூடு. அதைக் கொடுத்தவர் வர்க்கி நல்லசாமி.

கோத்தகிரி பஜாரில் நல்லசாமியின் பேக்கரியைத் தெரியாதவர்கள் வெளியூர்க்காரர்கள். முப்பது வருடமாக, அடுக்கடுக்காக மொறுமொறுக்கும் வர்க்கி ரொட்டி போடுகிறார். பத்து வருடமாகச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறார். பனிக்காலத்தில் வர்க்கி மாவு புளிக்காது. முதல் நாள் மாவில் ஒரு பிடி எடுத்து வைத்து மறுநாள் மாவில் கலப்பதுதான் வர்க்கியின் உயிர். அந்தப் பிடி மாவு குளிரில் தூங்கிவிட்டால் கடைக்கு லீவு விட வேண்டியதுதான். அதற்காக அவர் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். எஸ்டேட் ஃபேக்டரி கழித்துப்போட்ட பழைய ப்ளைவுட் தேயிலைப் பெட்டி. உள்ளே சுற்றிலும் சாக்கு. மேலே ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு. பக்கத்தில் அட்டை மூடி போட்ட ஓர் ஓட்டை. சூடு ஏறினால் மூடியைத் திறப்பார், இறங்கினால் மூடுவார்.

மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜோவிதா அந்தப் பெட்டியைப் பார்த்தாள். மறுநாள் தெர்மாமீட்டரோடு வந்தாள். மூடியை ஒரு விரல் அகலம் திறந்து வைத்தால் அச்சாக முப்பத்தேழு. பாக்டீரியாவைப் பேக்கரிக்குள் கொண்டுவர மாட்டேன், அதே மாதிரி ஒரு பெட்டி கல்லூரிக்குச் செய்து தர முடியுமா என்று கேட்டாள். நல்லசாமி எதற்கு என்று விசாரித்தார். அவள் சொன்னாள். ஒரு சின்ன உயிருக்குள் வேறொன்றின் மரபணுவை வைத்து, நமக்கு வேண்டியதை அதை விட்டே செய்ய வைக்கிற முறை. அவர் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் அப்படி வந்ததுதான். மனுசனின் மரபணுவை ஏற்றிக்கொண்டு அதைத் தயாரிப்பது சில கம்பெனியில் பாக்டீரியா, சில கம்பெனியில் ஈஸ்ட்.

நல்லசாமி மாவுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“ஈஸ்ட்டுங்களா அம்மணி? அப்ப பத்து வருசமா என்னைய உசுரோட வெச்சிருக்கறது நம்ம தொழில்காரந்தானுங்க.”

பெட்டிக்கு அவர் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. தொழில்காரருக்குள் அதெல்லாம் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

குழு வருவதற்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்குப் பாக்டீரியாவைத் தட்டுகளில் பரப்பி, பெட்டிக்குள் வைத்து, பல்பைப் போட்டாள் ஜோவிதா. கையில் இருந்த மரபணு நான்கு தட்டுகளுக்குத்தான் கண்டது. மறுநாள் பதினோரு மணிக்குக் குழு ஆய்வகத்துக்கு வருவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. இருபத்தைந்து மணி நேரம். போதும், மிஞ்சும்.

மூன்று மணிக்கு முதல்வர் ஒத்திகை பார்க்க வந்தார். திரைச்சீலை, பூந்தொட்டி, தன் கருங்கல் பலகை எல்லாவற்றையும் பார்த்துத் திருப்திப்பட்டவர், மூலையில் சாக்கும் மஞ்சள் வெளிச்சமுமாக உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அதன் பக்கவாட்டில் எஸ்டேட் பெயரும் ‘ஈரம் படாமல் வைக்கவும்’ என்ற வாசகமும் இன்னும் அழியாமல் இருந்தன. இது என்ன கோழிக்குஞ்சு பொரிக்கிற இடமா என்று கேட்டார். ஜோவிதா விளக்கினாள். இன்குபேட்டர் சூடாகாது என்பதை ஐந்தாம் முறையாக, இந்த முறை வாயால், சொன்னாள். அவர் சிவப்பு எண்ணைச் சுட்டிக்காட்டினார். கதவைத் திறந்து கையை வைத்துப் பார்க்கும்படி வேண்டிக்கொண்டாள். மெஷினை அடிக்கடி திறந்தால் கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டார்.

பிறகு தம் கையாலேயே, மிகுந்த கவனத்தோடு, நான்கு தட்டுகளையும் எடுத்து இன்குபேட்டருக்குள் அடுக்கினார். கதவை மூடிப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். காலையில் தாமே வந்து திறப்பதாகச் சொன்னார். தேயிலைப் பெட்டி மூக்கம்மாவின் விளக்குமாற்று அறைக்குப் போனது.

அன்று மாலை பஸ்ஸில் ஜோவிதா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். பக்கத்து சீட்டில் அவளைத் தெரிந்த ஒரு பெண், உடம்புக்கு முடியலையா என்று விசாரித்தாள். வெங்காயத்துக்கு என்ன எடைக்கல் வைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்ததை எப்படிச் சொல்வது? தலைவலி என்று சொன்னாள்.

காலை ஏழரைக்கு முதல்வர் பட்டுச் சட்டையில் வந்து இன்குபேட்டரைத் திறந்தார். தட்டுகளில் ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவி வைத்த சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருந்தன. அவர் ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மிகவும் சுத்தமாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு, வாழை மரம் கட்டுவதை மேற்பார்க்கப் போய்விட்டார். சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போனது அன்றைய முதல் நல்ல காரியம்.

ஜோவிதா தட்டுகளோடு விளக்குமாற்று அறைக்கு ஓடினாள். பல்பைப் போட்டாள். மூடியை ஒரு விரல் திறந்தாள். மூக்கம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். குளிரில் பாக்டீரியா சாவதில்லை. நல்லசாமியின் மாவு போலத் தூங்கும். ஒரு பாக்டீரியா இரண்டாகும், இரண்டு நாலாகும். அப்படி இருபத்தைந்து தடவைக்கு மேல் ஆனால்தான் ஒரு புள்ளியாகக் கண்ணில் படும். சூடு கிடைத்தால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய அரை மணி. நேற்று ஐந்து மணி நேரம் வளர்ந்திருக்கிறது. இன்னும் ஒன்பது மணி நேரம் வேண்டும். அதாவது நாலரை மணி. நிரலில் பதினோரு மணி.

அவள் நிரலை எடுத்து இன்னொரு முறை படித்தாள். அப்போதுதான் பதினோரு வருடத்தில் தோன்றாத ஒன்று தோன்றியது. இந்தக் கல்லூரியில் அரை மணிகளுக்கு என்ன பஞ்சம்?

நேராக வாழை மரத்தடிக்குப் போனாள். சார், மூன்று பேருக்கும் தனித்தனியாக வரவேற்புரை இருந்தால் மரியாதையாக இருக்குமே என்று சொன்னாள். முதல்வர் அவளை முதல் முறையாக முழுசாகப் பார்த்தார். பொன்னாடையோடு ஆளுயர மாலையும் போடலாம் என்றாள். ஆளுக்கொரு மரக்கன்று நடச் சொல்லலாம். கல்லூரி வளர்ந்த வரலாற்றைப் புகைப்படங்களாக வைத்திருக்கிறோமே, அதைச் சும்மா விடுவானேன்? ‘மரபணுப் பொறியியல்: நேற்று, இன்று, நாளை’ என்று சார் தயாரித்த நூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடுகளை முப்பதாகக் குறைத்தது அவளுக்கு வருத்தமாக இருக்கிறது.

“எனக்கும் அதே வருத்தம்தான்” என்றார் முதல்வர்.

ஆய்வகம் மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் என்று நிரல் மாறியது. தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர் பேச வேண்டும் என்று பல்கலைக்கழகப் படிவத்தில் ஓர் இடம் இருந்தது. கோவையிலிருந்து வரவேண்டிய மருந்துக் கம்பெனி அதிகாரி கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, பாதி மலையிலேயே திரும்பிவிட்டார் என்று போன் வந்தது. அந்த இடத்துக்கு நல்லசாமியைச் சொன்னாள் ஜோவிதா. வர்க்கிக்காரரா என்று முதல்வர் முகம் சுளித்தார். நொதித்தல் துறையில் முப்பது ஆண்டு அனுபவம் சார், என்றாள். அது உண்மைதான். முதல்வர் அந்த வாக்கியத்தை உடனே அழைப்பிதழில் சேர்க்கச் சொன்னார்.

குழு ஒன்பதரைக்கு வந்தது. தலைவர் பேராசிரியர் மருதாம்பாள், அறுபதைத் தாண்டியவர், இரண்டு ஸ்வெட்டர், காதைச் சுற்றி மஃப்ளர், அதற்கு மேல் சால்வை. மற்ற இருவரும் அவருக்கு இரு பக்கமும் உட்கார்ந்து, அவர் தலையாட்டும்போது தலையாட்டுவதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர்கள். குத்துவிளக்கு ஏற்ற அரை மணி ஆனது; திரி குளிரில் பிடிக்கவில்லை. ஜோவிதா மனசுக்குள் ஒன்று என்று எண்ணினாள். முதல் வரவேற்புரை, இரண்டு. இரண்டாவது, மூன்று. ஆளுயர மாலையில் மருதாம்பாள் கொஞ்ச நேரம் காணாமல் போய்த் திரும்பி வந்தார். மரக்கன்று நட்டார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் விளக்குமாற்று அறையில் கோடிக்கணக்கான உயிர்கள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன.

பதினொன்றரைக்கு நல்லசாமி மேடை ஏறினார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. தம்மைப் பற்றி வாசிக்கப்பட்ட அறிமுகத்தைக் கேட்டு யாரைச் சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார். தம் மாவைப் பற்றிப் பேசினார். அது குளிரில் தூங்குவது, சூட்டில் எழுவது, அதைத் திட்டினால் புளிக்காது என்று தம் சம்சாரம் சொல்வது. பிறகு சட்டைப் பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்துக் காட்டினார்.

“ஏனுங்க, முந்தியெல்லாம் இதைப் பன்னி, மாட்டு ஒடம்புல இருந்து எடுத்தாங்களாமுங்க. இப்ப ஒரு ஈஸ்ட்டுக்குள்ளார மனுசனோட குறிப்பை வெச்சுட்டா, அது புளிக்கப் புளிக்க மருந்தைச் செஞ்சு குடுக்குதுங்க. நானும் மாவு புளிக்க வெக்கறேன், அவங்களும் புளிக்க வெக்கறாங்க. என்னுது தின்னா சக்கரை ஏறும், அவங்களுது போட்டா எறங்கும். ரெண்டும் இருக்கறதாலதான் என்ர பொழப்பு ஓடுதுங்க.”

மண்டபத்தில் அன்று முதல் முறையாக, கேட்காமலே கைதட்டல் வந்தது. மருதாம்பாள் மஃப்ளரைக் காதிலிருந்து இறக்கியிருந்தார். முதல்வர் எழுந்து, நண்பர் நல்லசாமி எளிமையாகச் சொன்னதைத் தாம் இனி முறையாக விளக்குவதாக அறிவித்து, முதல் ஸ்லைடைப் போட்டார். அதில் முதல்வரின் படம் இருந்தது. இரண்டாவதில் இன்குபேட்டரும் முதல்வரும்.

நாற்பதாவது ஸ்லைடில் மணி ஒன்று. சாப்பாட்டுக்கு முன் மருதாம்பாள் கைகழுவும் இடம் கேட்டு எழுந்தார். முன்னாலும் பின்னாலும் ஆள் அனுப்பப் பார்த்தார்கள். கையை அசைத்துத் தடுத்துவிட்டுத் தனியாகவே நடந்தார். வராந்தாவில் ஆய்வகத்தின் கதவு திறந்திருந்ததால் உள்ளே போனார். இன்குபேட்டரைப் பார்த்தார். 37.0. விறைத்த கைக்குக் கொஞ்சம் சூடு காட்டலாம் என்று கதவைத் திறந்து உள்ளே வைத்தார்.

உடனே வெளியே எடுத்தார்.

பக்கத்தில் விளக்குமாற்று அறையின் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனார். தேயிலைப் பெட்டி மேல் குனிந்து தெர்மாமீட்டர் பார்த்துக்கொண்டிருந்த ஜோவிதா நிமிர்ந்தபோது, பல்கலைக்கழகக் குழுவின் தலைவர் விளக்குமாறுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

மருதாம்பாள் முதலில் ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து, நல்லசாமியிடம் இருந்ததைப் போலவே ஒரு பேனாவை எடுத்து, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் பெட்டியின் மூடி மேல் வைத்துக்கொண்டார். முகத்தில் காலையிலிருந்து காணாத ஒரு நிம்மதி வந்தது.

இது என்ன என்று கேட்டார். ஜோவிதா மறைக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள்: தட்டு, தேயிலைப் பெட்டி, பூட்டு, சாவி, சாக்பீஸ் கோடு. மெஸ் ஸ்டோரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. முதல்வரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாலே போதுமானதாக இருந்தது.

மருதாம்பாள் மூடியைத் தூக்கி ஒரு தட்டை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். முப்பது வருடம் இதே தட்டுகளைச் சாய்த்துப் பார்த்த கண்.

“தூசி மாதிரி ஏதோ ஆரம்பிச்சிருக்கு. என் கண்ணுக்கே இழுத்துப் பிடிச்சாத்தான் தெரியுது. இன்னும் எவ்வளவு நேரம் வேணும்?”

“நாலரை வரைக்கும் வேணுங்க மேடம்.”

“நான் மூணு மணிக்குக் கிளம்பற மாதிரி கார் சொல்லியிருக்கேன்மா.”

ஜோவிதா தட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சரியாக ஒரு விரல் திறந்தாள். மருதாம்பாள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டு வெளியே போனார்.

சாப்பாடு முடிந்தது. வர்க்கித் தட்டு வந்தபோது மருதாம்பாள் தலையசைத்து மறுத்தார். பரிமாறிக்கொண்டிருந்த நல்லசாமி பக்கத்தில் குனிந்து, தாமும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசியைப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று சாப்பிடுவதாகவும், அந்த ஒன்றை டாக்டரிடம் சொல்வதில்லை என்றும் ரகசியம் சொன்னார். மருதாம்பாள் ஒன்று எடுத்துக்கொண்டார்.

முதல்வர் கைகூப்பி, நேரமாகிவிட்டதால் மீதி ஸ்லைடுகளை விட்டுவிட்டு ஆய்வகத்துக்கு எழுந்தருளலாம் என்றார். வாசலோரம் நின்றிருந்த ஜோவிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

மருதாம்பாள் எழுந்திருக்கவில்லை. கடைசித் துணுக்கு வர்க்கியை வாயில் போட்டுக்கொண்டு, நாற்பதாவது ஸ்லைடோடு நிறுத்திவிட்டீர்களே என்று கேட்டார். மீதி எழுபத்திரண்டையும் பார்க்காமல் போனால் தமக்கு மனசு கேட்காது. காரைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அவசரம் வேண்டாம், ஒவ்வொன்றாக நிதானமாக விளக்க வேண்டும். மற்ற இரண்டு உறுப்பினர்களும் வாழ்க்கையில் முதல் முறையாக அவரோடு சேர்ந்து தலையாட்டத் தயங்கினார்கள்.

இருபத்தேழு வருட மேடை அனுபவத்தில் முதல்வரிடம் இன்னும் பேசுங்கள் என்று கேட்டவர் யாரும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு பேசினார். நேற்றைப் பேசினார், இன்றைப் பேசினார். நாளைக்கு வரும்போது இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் தூங்கிவிட்டார், மற்றவர் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார். மருதாம்பாள் விழித்திருந்தார். இடையிடையே, அந்த ஸ்லைடை இன்னொரு முறை போடுங்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலு முப்பத்தைந்துக்கு ஆய்வகத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். இன்குபேட்டருக்குள் ஒன்றும் இல்லாததைப் பார்த்து முதல்வர் திகைத்த நேரத்தில், மூக்கம்மாவும் ஜோவிதாவும் தேயிலைப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்து, சாக்பீஸ் கோட்டின் மேலேயே வைத்தார்கள். ஜோவிதா பல்பை அணைத்தாள். மூடியைத் திறந்து, புற ஊதா டார்ச்சை அடித்தாள்.

மூன்று தட்டுகள் இருட்டாகவே இருந்தன. நான்காவதில், ஓரத்தில், கடுகு உடைத்த அளவில் ஒரு பச்சைப் புள்ளி ஒளிர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. கண் பழகப் பழக ஏழு, எட்டு, பதினொன்று. மூக்கம்மா, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, “அட சாமி” என்றாள்.

மருதாம்பாள் வெகுநேரம் குனிந்து பார்த்தார். அரபினோஸ் எங்கிருந்து வாங்கினீர்கள் என்று ஒன்று கேட்டார். இந்தப் பெட்டியை யார் செய்தது என்று இன்னொன்று கேட்டார். இரண்டுக்கும் ஜோவிதாவே பதில் சொன்னாள். மூன்றாவதாக ஏதாவது கேட்பார் என்று முதல்வர் பதிலோடு காத்திருந்தார். அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் அறிக்கை வந்தது. படிப்புக்கு மூன்று வருட அனுமதி. ஆய்வக உதவியாளர் ஜோவிதாவை அந்த ஆய்வகத்திலிருந்து மாற்றக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. ‘உள்ளூர்த் தொழில்நுட்பத்தில் உருவான குறைந்த செலவு இன்குபேட்டர்’ பாராட்டுக்குரியது என்று ஒரு பத்தி. முதல்வரின் உரை ‘குழுவின் பணிக்கு மிக உறுதுணையாக இருந்தது’ என்று ஒரு வரி. முதல்வர் அந்த ஒரு வரியை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தம் அறையில் மாட்டினார். அதில் பொய் எதுவும் இல்லை.

பாராட்டப்பட்ட தேயிலைப் பெட்டிக்கு வார்னிஷ் அடித்து, வரவேற்பறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தார்கள். பல்பு அணைந்திருக்கிறது. தொடக்கூடாது என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒரு கருங்கல் பலகை. அதைத் திறந்து வைத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓட்டல் மேனேஜ்மென்ட்டுக்கு வாங்கிய மணி வரவேற்பறை மேசையில் உட்கார்ந்திருக்கிறது. வருகிற போகிற பிள்ளைகள் அடித்துவிட்டு ஓடுகிறார்கள்.

விஷயத்தைக் கேட்ட நல்லசாமி சிரித்துவிட்டு, கடையின் பின்னாலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு பை வர்க்கியும் கொடுத்தார். ஜோவிதா அந்தப் பெட்டியை ஏழு மணி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் லக்கேஜ் கேட்டபோது, இது லக்கேஜ் இல்லீங்க, ஆய்வகம் என்றாள்.

இப்போது அது அவள் மேசைக்குக் கீழே, கோடு இருந்த இடத்தில் இருக்கிறது. இரண்டாம் வருடப் பிள்ளைகள் ஈஸ்ட்டில் அடுத்த பாடத்தை ஆரம்பித்திருக்கிறார்கள். பனி கொட்டும் காலைகளில் அவர்கள் வந்ததும் முதலில் பெட்டியின் மூடி மேல் கையை வைத்துக் குளிர்காய்கிறார்கள். சூடேறிவிட்டால் ஜோவிதா மூடியை ஒரு விரல் திறந்துவிடுகிறாள். எதிரே இன்குபேட்டருக்குள் அவளுடைய குடையும் ஸ்வெட்டரும் சாப்பாட்டுப் பையும் இருக்கின்றன. சாப்பாடு சாயங்காலம் வரை கெடுவதில்லை. முகப்பில் 37.0 எரிந்துகொண்டிருக்கிறது.